பெத்தகமவின் மான்குட்டி

தாய்ப்பன்றியை இழந்து பசியால் வாடிக் கிடந்த பன்னிரண்டு குட்டிகளுக்கு ஆலவாய் அண்ணல் தாமே பெண்பன்றி வடிவங்கொண்டு வந்து முலைகொடுத்தருளிய கதையைத் திருவிளையாடற் புராணம் கூறுகின்றது. புராணபடனம் நிகழும் சபையிலே இக்கட்டம் வரும்போது முதியோர் கண்ணீர் மல்கக் கேட்டிருப்பதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். எல்லா உயிர்க்கும் தாயாகி நிற்கும் பெருங்கருணைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை என்று பொருள் சொல்வோர் விரித்துரைப்பர். அதே செயலை ஓர் ஏழைப் பெண் செய்தால் என்ன ஆகும்? வறண்ட காட்டின் நடுவே சில குடிசைகளே கொண்ட ஒரு கிராமத்தில், தன் குழந்தைக்கு ஊட்டும் பாலை ஒரு மான்குட்டிக்கும் அவள் பகிர்ந்து கொடுத்தால் ஊர் அவளை என்னவென்று சொல்லும்? பேயோடு உறவு கொண்டவள் என்று சொல்லும். மழை பொய்த்தால் அவளால் என்று சொல்லும். ஈற்றிலே கல்லைக் கையில் எடுக்கும்.

இவ்வாறு கல்லெடுத்த ஓர் ஊரின் கதைதான் லெனாட் வூல்ஃப் 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நாவல். ‘காட்டிடைக் கிராமம்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். சிங்கள வாசகர் அதனைப் ‘பெத்தேகம’ என்ற பெயரால் அறிவர். அதே பெயரில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த திரைப்படம் 1980ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தமிழ் மாணவரிடையே இந்நூல் பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் எண்ணம். ஆங்கில இலக்கியம் கற்போர் சிலர் அதனைப் படிக்கின்றனர். படித்தோரும் ‘மான்குட்டி களங்கமின்மையின் குறியீடு’ என்று ஒரு வரியில் விடை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். அந்த ஒரு வரி தவறன்று. ஆயினும் நாவலின் பாதியைத்தான் அது சொல்கின்றது. மறுபாதியைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

ஆசிரியரைப் பற்றிச் சில சொற்கள் வேண்டும். வூல்ஃப் 1904ஆம் ஆண்டின் இறுதியில் குடியேற்ற நாட்டு அரசாங்க உத்தியோகத்தராக இலங்கைக்கு வந்தவர். முதலில் யாழ்ப்பாணக் கச்சேரியிலும் பின் கண்டியிலும் பணியாற்றி, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். தமிழும் சிங்களமும் கற்றவர். அவர் எழுதிய நாவலிலே வரும் காடு அம்பாந்தோட்டைக் காடு. ஆயினும் அக்காடு எல்லைக்கோடு அறியாதது. வடக்கே நடந்தால் ஊவாவுக்குள் நுழைந்துவிடும். நாவலிற் பெரகம என்ற பெயரோடு வரும் புண்ணியத்தலம் கதிர்காமமே என்பது வெளிப்படை. கதிர்காமம் ஊவா மாகாணத்தைச் சேர்ந்தது. 1959ஆம் ஆண்டில் மொனராகலை தனி மாவட்டமாகும் வரை பதுளை மாவட்டத்துக்கே உரியதாயிருந்தது. 1910ஆம் ஆண்டுத் திருவிழாக் காலத்தில் வூல்ஃப் அங்கே தங்கி யாத்திரிகரை மேற்பார்வை செய்தவர். ஆகவே இந்நாவல் நமக்கு அயல் வீட்டுக் கதை. ஒரு பகுதியிலே நம் வீட்டுக் கதையுங்கூட.

கதையைச் சுருங்கக் கூறுவேன். சிலிந்து என்பவன் வேட்டுவன். ஊரார் கண்ணிற் சிறிது புத்தி பேதலித்தவன். அவனுக்கு இரட்டைப் பெண்கள், புஞ்சிமெனிக்கா, ஹின்னிஹாமி என இருவர். தாயை இழந்த அவர்களைச் சிலிந்துவின் சகோதரி வளர்க்கின்றாள். தகப்பனோ அவர்களுக்குக் காட்டைக் கற்பிக்கின்றான். விலங்குகளின் வழிகளையும் மரங்களில் உறையும் தெய்வங்களையும் கதைகதையாகச் சொல்கின்றான். ஊர்ப் பெண்கள் அஞ்சும் காட்டுக்குள் இவர்கள் அஞ்சாது திரிகின்றனர். இக்காரணத்தாலேயே ஊர் இவர்களைத் தன்னிலிருந்து விலக்கி வைக்கின்றது. அக்குடும்பத்தை இகழ வேண்டும்போதெல்லாம் ஊரார் எடுக்கும் சொல் ஒன்றுண்டு: ‘வேடர்’.

ஊர் வைத்தியனான புஞ்சிறாலை ஹின்னிஹாமியை விரும்புகின்றான். சிலிந்து மறுக்கிறான். அதன் பின் அவனை இனந்தெரியாத நோய் பற்றுகின்றது. அது வைத்தியன் செய்த சூனியம் என்ற அச்சமே அவனை உருக்குகின்றது. பெரகமவுக்கு நடந்து சென்று தெய்வத்தின் முன் முறையிட்டும் வழி பிறக்கவில்லை. தகப்பனின் உயிருக்காக ஹின்னிஹாமி தன்னைக் கொடுக்கின்றாள். பின்னர் வீடு திரும்பிவிடுகின்றாள். அவள் குழந்தை பெற்றிருக்கும் காலத்திற்றான் சிலிந்து காட்டிலிருந்து தாயற்ற மான்குட்டி ஒன்றைக் கொண்டு வருகின்றான். அவள் அதனையும் மார்போடு சேர்த்துக்கொள்கின்றாள். அதற்குப் புஞ்சி அப்பு என்று பெயரிடுகின்றாள். ‘சின்ன ஐயா’ என்று நம் வீடுகளிற் பிள்ளையை அழைப்பதற்கு ஒப்பானது அப்பெயர். அதனை மானின் பெயராகக் கொள்ளாமற் பிள்ளையின் பெயராகவே கொள்ள வேண்டும்.

பின்பு மழை பொய்க்கின்றது. சேனையில் விதைத்தது கருகுகின்றது. காய்ச்சல் வருகின்றது. பசித்த ஊரிலே காரணம் தேடும் நாக்குகள் அசையத் தொடங்குகின்றன. புஞ்சிறாலை ஒரு சொல்லை மெல்ல விதைக்கின்றான்: மானுக்குப் பால் கொடுத்த பெண்ணால் வந்த கேடு இது; அந்த மான் மானன்று, பேய். சேனையிற் போட்ட விதை முளைக்காத ஆண்டிலே இந்த விதை முளைத்து விடுகின்றது. ஒருநாள் காட்டுப் பாதையில் அவளையும் மானையும் ஊரார் சூழ்ந்துகொள்கின்றனர். கற்கள் பறக்கின்றன. மான் விழுகின்றது. மான் இறந்தபின் அவளும் நெடுநேரம் வாழவில்லை.

இக்காட்சியை எழுதும்போது ஆசிரியர் காட்டும் அடக்கம் பெரிது. இரங்கத்தக்கது என்று அவர் ஓரிடத்திலும் நம்மிடம் சொல்வதில்லை. கல்லெறிந்தவர்களை அரக்கராகச் சித்திரிப்பதும் இல்லை. முந்திய பக்கங்களிலே தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பிடி குரக்கன் தேடி அலைந்தவர்கள்தாமே இவர்கள்! ஆய்வாளர் சிலர் இக்கட்டத்தை மூடநம்பிக்கையின் விளைவு என்று எழுதி முடிப்பர். அது போதாது. மான்குட்டி பிறந்த நாளிலேயே ஊரார் அதனைப் பேய் என்று கருதியிருந்தால் அன்றே கொன்றிருப்பர். நிலம் விளைந்து வயிறு நிறைந்திருந்த வரையில் அது வெறும் வேடிக்கை. வேடர் குடும்பத்தின் மற்றுமொரு கோணல். விளைச்சல் அழிந்த பின்னரே வேடிக்கை குற்றமாயிற்று. முற்சாய்வு என்பது எப்போதும் ஊரின் மூலையிற் கிடக்கும் உலர்ந்த சருகு. பசி அதன்மேல் வெயிலாய்க் காய்கின்றது. தன் நலம் கருதிய ஒருவன் நெருப்பு வைக்கின்றான். இம்மூன்றையும் பிரித்துப் பிரித்துக் காட்டியிருப்பதே வூல்ஃபின் கூர்மை. வைத்தியனுக்கு மானின் மீது பகையில்லை. தன்னை விட்டுச் சென்ற பெண்ணின் மீது பகையுண்டு. ஊராருக்கு அப்பெண்ணின் மீதும் பகையில்லை; தங்கள் துன்பத்துக்கு ஒரு முகம் வேண்டும். யாருடைய பகைக்கும் உரியதல்லாத ஓர் உயிர் எல்லாருடைய கல்லையும் வாங்கிக்கொள்கின்றது.

ஈண்டு கதிர்காமத்தை மீண்டும் நினைக்க வேண்டும். பெத்தகம மக்கள் எத்தெய்வத்தை வணங்கச் செல்கின்றனர்? வள்ளியை மணந்த முருகனை. வள்ளி யார்? சிவமுனிவரின் பார்வையால் மான் வயிற்றிற் கருவாகி, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே விடப்பட்டு, வேடர் தலைவன் நம்பியால் வளர்க்கப்பட்டவள் என்று கந்தபுராணம் சொல்லும். கதிர்காமத்து ஐதிகமோ அவள் அப்பகுதி வேடர் குலத்துப் பெண்ணே என்று உறுதியாக நம்புகின்றது; கப்புறாளைமாரும் தம்மை அவ்வேடர் வழியினர் என்பர். திருவிழாக் காலத்தில் இரவுதோறும் யானைமேற் புறப்படும் ஊர்வலம் செல்வது எங்கே? தேவர்கோன் மகளின் சந்நிதிக்கு அன்று. வள்ளியம்மையின் கோயிலுக்கே செல்கின்றது. மானுக்குப் பிறந்த வேட்டுவப் பெண்ணைத் தெய்வம் தானே தேடிப் போகும் அக்காட்சியைக் கைகூப்பிக் கண்டவர்கள், ஊர் திரும்பியதும் மானுக்குத் தாயான ஒருத்தியை ‘வேடர்’ என்று இகழ்ந்து கல்லால் அடிக்கின்றனர். வூல்ஃப் இம்முரணை எடுத்துக் கூறவில்லை. அவர் அதனை எண்ணினாரோ இல்லையோ, நாம் சொல்ல முடியாது. ஆனால் முருக வழிபாட்டிலே வளர்ந்த வாசகன் இதனைக் காணாமற் போக வழியில்லை. ஆங்கில விமர்சகர் எழுதாத இந்தப் பொருளை நம் சூழலே நமக்குத் தருகின்றது.

பௌத்தராகிய அக்கிராமத்தாருக்குத் தங்கள் சமயத்திலும் இதற்கு மருந்து இருந்தது. கருவுற்ற மானின் உயிருக்காகத் தன்னுயிரைத் தர முன்வந்த மானரசனின் ஜாதகக் கதை விகாரைகளிற் சொல்லப்படுவது. மானைத் துரத்தி வேட்டையாடிய தேவநம்பியதீசனை மிகிந்தலையிலே மகிந்த தேரர் தடுத்துப் பேசிய நாளோடுதான் இந்நாட்டிற் பௌத்தம் புகுந்தது என்பது மகாவம்சம் கூறும் வரலாறு. இரு சமயங்களின் வாசலிலும் ஒரு மான் நிற்கின்றது. பெத்தகமவிலோ அதற்கு இடமில்லை. சமயக் கதை நெஞ்சில் இருப்பதும், அது கையைத் தடுப்பதும் வேறு வேறு விடயங்கள் போலும்.

இதே பொருளைக் கையாண்டு உலகப் புகழ் பெற்ற மற்றொரு நாவலை மாணவர் அறிவர். அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960ஆம் ஆண்டில் வெளியிட்டு, அடுத்த ஆண்டிலே புலிட்சர் பரிசு பெற்ற நூலே அது. பிற பறவைகளின் குரலைத் தன் குரலிற் பாடிக்காட்டும் ஒரு சிறு பறவையைக் கொல்வது பாவம் என்ற கருத்து அதன் தலைப்பிலேயே அமைந்துள்ளது. அலபாமா மாநிலத்தின் ஒரு சிற்றூரில், செய்யாத குற்றத்துக்காகக் கறுப்பினத் தொழிலாளி டொம் றொபின்சன் விசாரிக்கப்படுகின்றான். இடக்கை ஊனமுற்ற அவன் அக்குற்றத்தைச் செய்திருக்க இயலாது என்பதை வழக்கறிஞர் அற்றிக்கஸ் பிஞ்ச் நீதிமன்றத்திலே கண்முன் நிறுவிக் காட்டுகின்றார். வெள்ளையரே நிறைந்த யூரிகள் அவனைக் குற்றவாளி என்கின்றனர். சிறையிலிருந்து தப்பியோட முயன்றபோது அவன் சுடப்பட்டு இறக்கின்றான். உள்ளூர்ப் பத்திரிகையாசிரியர் அச்சாவைப் பாடும் பறவைகளை வேட்டைக்காரரும் சிறுவரும் கொல்வதற்கு ஒப்பிட்டு எழுதுகின்றார். வீட்டை விட்டு வெளிவராத பூ ராட்லியும் அப்பறவைக்கு ஒப்பாகின்றான். ஊரின் வதந்தி அவனைப் பூதமாக்கியது. அவனோ பிள்ளைகளைக் காத்தவன்.

இந்நூலின் நயங்களை மறுப்பதற்கில்லை. ஒரு சிறுமியின் கண்ணால் கதையைச் சொன்னதனால், முற்சாய்வு கற்பிக்கப்படுவது, பிறவியில் வருவதன்று என்ற உண்மை தானே விளங்குகின்றது. ஆயினும் ஒரு தடை எழுகின்றது. அப்பறவை ஏன் கொல்லப்படத் தகாதது? அது தோட்டத்தை அழிப்பதில்லை, களஞ்சியத்திற் கூடு கட்டுவதில்லை, நமக்காகப் பாடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்பதே அங்கே கூறப்படும் காரணம். அப்படியாயின் தோட்டத்தைச் சிறிது கொத்தும் பறவையைச் சுடலாமா? பிறருக்கு இனிமையாயிருப்பதே வாழ்வதற்கான உரிமைச்சீட்டு ஆகிவிடுகின்றது அல்லவா? டொம் றொபின்சன் பணிவுள்ளவன், இரக்கமுள்ளவன், குறை சொல்லாதவன். அவன் சினமுள்ளவனாய், வாய்த்துடுக்கு உள்ளவனாய் இருந்தாலும் அவ்வழக்கிலே நிரபராதிதானே! ஆனால் அப்போது வாசகரின் கண்ணீர் இத்துணை எளிதாக வந்திருக்குமோ என்பது ஐயம். களங்கமின்மையைக் குறியீடாக்கும்போது இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பாதிக்கப்பட்டவன் பறவையைப் போலவோ மானைப் போலவோ இருந்தாற்றான் நீதிக்கு உரியவன் என்ற எண்ணத்தை அது நம்மை அறியாமலே நம்முள் வளர்த்துவிடும்.

வூல்ஃப் அவ்விடத்தில் நிற்கவில்லை. மான் இறந்த பின்னும் நாவல் பாதி வழியிலேயே நிற்கின்றது. புஞ்சிமெனிக்கா, ஊர்த் தலைவனான பாபேஹாமியின் மைத்துனன் பாபுனை மணந்திருக்கின்றாள். நகரத்திலிருந்து கடன் பிரிக்க வந்த பெர்னாந்து என்பவனின் கண் அவள்மேல் விழுகின்றது. இணங்காத குடும்பத்தை வழிக்குக் கொண்டுவரத் தலைவனிடம் உள்ள ஆயுதம் எது? அரசாங்கமே கொடுத்தது: சேனை வெட்ட அனுமதிச்சீட்டு. அவன் சிபாரிசு செய்யாவிட்டாற் சேனையில்லை, சேனையில்லையேற் சோறில்லை. இந்த ஒரு காகிதத்தின் வழியாக அரசாங்கம், கடன்காரன், தலைவன் ஆகிய மூவரும் ஒரே கயிற்றின் மூன்று புரிகளாகிவிடுகின்றனர். கச்சேரியிலே அதே சீட்டுகளிற் கையெழுத்திட்ட ஒருவர் இதனை எழுதியிருக்கிறார் என்பதை மறக்கலாகாது.

அடுத்து வருவது நீதிமன்றக் காட்சி. பாபுன் மீதும் சிலிந்து மீதும் பொய்யான களவு வழக்கு. வெள்ளைக்கார நீதவானுக்கு ஐயம் எழுகின்றது; ஆனால் சாட்சியங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களுக்கோ அங்கே பேசப்படும் மொழியும் விளங்கவில்லை, கேள்வி கேட்கலாம் என்பதன் பொருளும் விளங்கவில்லை. சிலிந்து விடுவிக்கப்பட, பாபுனுக்கு ஆறு மாதக் கடூழியச் சிறை கிடைக்கின்றது. அவன் சிறையிலேயே இறந்து போகின்றான். அலபாமாவிலே அற்றிக்கஸ் போன்ற ஒருவர் எழுந்து பேசினார். இங்கே பேச எவரும் இல்லை. தீயோர் நீதியைக் கெடுத்தார்கள் என்று சொல்லி ஆறுதல் கொள்ளவும் இடமில்லை, நீதவான் நல்லவர். நல்லவர் ஒருவர் சட்டப்படி நடந்து ஓர் அநீதியைச் செய்து முடிப்பதைப் போன்ற அச்சம் தரும் காட்சி இந்நாட்டு நாவல்களில் வேறில்லை என்றே கூறுவேன்.

அப்போதுதான் சிலிந்துவுக்கு ஒன்று விளங்குகின்றது. வாழ்நாள் முழுதும் தன்னை வேட்டைக்காரன் என்று எண்ணியிருந்தவன், தானே வேட்டையாடப்படும் விலங்கு என்று உணர்கின்றான். துரத்தப்பட்ட விலங்கு ஓரிடத்தில் திரும்பி நின்று தாக்கும் என்பது அவனுக்குக் காடு கற்பித்த பாடம். தலைவனையும் பெர்னாந்துவையும் சுட்டுக்கொன்றுவிட்டு அவன் தானே சென்று அதிகாரிகளிடம் சரணடைகின்றான்.

நாவலின் மறுபாதி என்று நான் முன்னர்க் குறிப்பிட்டது இதனையே. மான்குட்டிக்காக இரங்கிய வாசகனிடம் ஆசிரியர் இப்போது கடினமான ஒன்றைக் கேட்கின்றார். மகள் களங்கமற்றவள், அவளுக்கு அழுதாய். தகப்பன் இரு கொலைகள் செய்தவன். இவனுக்கு உன் நெஞ்சிலே என்ன இடம்? சிலிந்து மானன்று. அவன் கையிலே இரத்தம் இருக்கின்றது. நாவலின் தொடக்கத்தில் அவன் மனைவியை அடித்தவன் என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. ஆயினும் அவன்மீது இறங்கிய கற்கள் மான்மீது இறங்கியவற்றினின்று வேறானவை அல்ல. அதே ஊர், அதே சொல், அதே பசி. குற்றமற்ற உயிரைக் கொன்ற முற்சாய்வு, எஞ்சிய உயிரைக் குற்றவாளியாக்குகின்றது. முன்னதினும் பின்னதே பெருங்கொடுமை. நீதவான் இதனை உணர்ந்து சிலிந்துவோடு மனிதனாகப் பேசும் பக்கங்கள் நூலின் சிகரம். அவனுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை இருபது ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்படுகின்றது. சட்டத்தால் இயன்ற இரக்கம் அவ்வளவே.

நூலுக்குக் குறையே இல்லை என்பது என் கருத்தன்று. காட்டை ஒரு தீய தெய்வமாக்கி, மனிதர் செய்த கேட்டிற் பெரும்பகுதியை அதன் தலையில் ஏற்றிவிடும் போக்கு ஆங்காங்கே தலைகாட்டுகின்றது. கிராமத்தாரை விலங்குகளோடு ஒப்பிடுவது அளவு கடந்து செல்லும் இடங்களில், எழுதுபவர் குதிரைமேல் இருந்தவர் என்பது நினைவுக்கு வருகின்றது. சிலிந்துவின் உள்ளத்துக்குள் நுழைந்த அளவுக்கு ஹின்னிஹாமியின் உள்ளத்துக்குள் அவர் நுழையவில்லை. அவள் மானைப் போலவே அதிகம் பேசாது இறந்துவிடுகின்றாள். மானுக்குப் பால் கொடுத்தவள் அதனைப் பற்றி என்ன நினைத்தாள் என்பதை அவள் வாயாற் கேட்க விரும்பும் வாசகனுக்கு ஏமாற்றமே.

பதுளையில் இருந்து இந்நூலைப் படிப்போருக்கு அது வேறொரு கதவையும் திறக்கின்றது. பெத்தகமவில் ‘வேடர்’ என்ற சொல் செய்த வேலையை இங்கே ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் செய்தது. இரண்டிலும் காடு இருக்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊவாவின் காட்டை வெட்டிக் கோப்பித் தோட்டமாகவும் பின் தேயிலைத் தோட்டமாகவும் ஆக்கிய மக்களின் பெயரிலேயே அக்காட்டை ஒட்டவைத்து இகழ்ந்தவர்களிற் சிங்களவர் மட்டும் இருக்கவில்லை. தமிழ் பேசுவோரும் இருந்தனர். கல்லூரிப் படிப்பு உடையோரும் இருந்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், மறு ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். அச்சட்டத்துக்குக் கையுயர்த்தியோரிலும் தமிழர் இருந்தனர். நாமும் கல்லெறிந்தோர் கூட்டத்தில் நின்றிருக்கிறோம் என்று ஒப்புக்கொள்ளாமல் இந்நாவலைப் படித்துப் பயனில்லை.

மலையகத் துன்பத்தைத் தமிழிலே முதன்முதலில் வலுவாகச் சொன்ன ஆக்கங்களுள் ஒன்று, புதுமைப்பித்தன் 1935ஆம் ஆண்டில் மணிக்கொடியில் எழுதிய ‘துன்பக்கேணி’. பீஜித் தீவுக் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதி பாடிய பாட்டிலிருந்து எடுத்த பெயர் அது. அதன் நாயகி மருதி திருநெல்வேலிக் கிராமத்திலே சாதியால் ஒடுக்கப்பட்டு, இலங்கைத் தோட்டத்திலே அதிகாரத்தாற் சீரழிக்கப்படுகின்றாள். அவள் உடலிலே பற்றிய நோயையும் ஆசிரியர் மறைக்கவில்லை. அவளைக் கறைபடாத மலராக்கிப் பீடத்தில் வைத்திருந்தால் வாசகரின் இரக்கம் எளிதாகக் கிடைத்திருக்கும். புதுமைப்பித்தன் அதற்கு இணங்கவில்லை. பதுளை மாவட்டத்தின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே 1934ஆம் ஆண்டு பிறந்து 2022ஆம் ஆண்டு மறைந்த தெளிவத்தை ஜோசப்பும் இவ்வழியில் வந்தவரே. அவருடைய ‘மீன்கள்’ என்ற சிறுகதை, ஒற்றை அறை லயத்தின் நெருக்கம் ஒரு குடும்பத் தலைவனைத் தன் கண்ணிலேயே குற்றவாளியாக்கிவிடும் அவலத்தைச் சொல்கின்றது. அறையைக் கட்டியவன் குற்றவாளிக் கூண்டில் இல்லை. அறைக்குள் படுத்தவன் கூனிக் குறுகி நிற்கின்றான். ‘பாவம், வாயில்லாப் பூச்சிகள்’ என்று தோட்டத் தொழிலாளருக்கு இரங்கி எழுதப்பட்ட எத்தனையோ கதைகள் மறக்கப்பட, இக்கதை நிலைத்து நிற்பதற்கு அதுவே காரணம்.

இவையெல்லாம் ஏட்டுக்குள் அடங்கும் ஆராய்ச்சியாக இருந்திருந்தால் நலமாயிருக்கும். 2000 ஒக்டோபர் 25ஆம் நாள் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் இருந்த புனர்வாழ்வு முகாமை ஒரு கூட்டம் சூழ்ந்தது. தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் 20க்கு மேற்பட்டோர் அங்கே கொல்லப்பட்டனர். பொலிசார் அவ்விடத்தில் இருந்தனர். மேல் நீதிமன்றத்திலே தண்டிக்கப்பட்டோர் 2005ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். அந்நாட்களிலே பலர் வாயில் வந்த முதற்கேள்வி, ‘அவர்கள் அப்பாவிகளா?’ என்பது. மான்குட்டியைப் பற்றி எழுப்பத்தக்க கேள்வி அது. காவலில் இருக்கும் மனிதனைக் கல்லாலும் தடியாலும் கொன்றது பற்றிய கேள்வியாக அது இருக்க இயலாது. சிலிந்துவின் கதையை ஊன்றிப் படித்தவனுக்கு இவ்வேறுபாடு புலப்படும். பறவையின் கதையோடு நின்றுவிட்டவன் அக்கேள்வியிலேயே தங்கிவிடக்கூடும்.

நாவலின் கடைசிப் பக்கங்களில் ஊரே இல்லை. கல்லெறிந்தவர்கள் பசியால் இறந்தனர், அல்லது வேற்றூர் தேடிப் போயினர். வேலிகள் விழ, முள்ளும் கொடியும் ஒவ்வொரு குடிசையாகப் பற்றிக்கொண்டு வருகின்றன. எல்லாரும் விலக்கி வைத்த வேடர் வீட்டுப் பெண் புஞ்சிமெனிக்கா மட்டும் போகவில்லை. வருவதற்கு எவரும் இல்லை என்று தெரிந்த பின்னும் அக்குடிசையிலேயே இருக்கின்றாள். நோயுற்றுக் கிடக்கும் இரவிலே வாசலில் ஒரு பெரிய காட்டுப்பன்றியின் உருவம் தோன்றுகின்றது. அது பன்றியா, அவள் தகப்பன் சொன்ன கதைகளில் வந்த பேயா என்பதை ஆசிரியர் தெளிவாக்காமலே நூலை முடிக்கின்றார். ஆலவாயிலே பன்றி வடிவில் வந்தது கருணை என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த வாசலில் நிற்பது எது என்று சொல்வது எளிதாயில்லை.